சகேயு ஏறிய காட்டத்தி: ஞாயிறு பள்ளிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளின் ஆயர்களுக்கும் ஞாயிறு பள்ளிப் பொறுப்பாளர்களுக்கும் ஆண்டவரின் நாமத்தில் வணக்கம்.

சென்ற கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு சபையின் பிள்ளைகள் நிகழ்ச்சிக்கான பாடல் பட்டியல் என் கைக்கு வந்தது. 7 பாடல்கள், ஏழும் ஆங்கிலம். காரணம் கேட்டபோது, பிள்ளைகளுக்குத் தமிழ் புரியாது என்று வருத்தத்தோடுதான் சொன்னார்கள். 20 ஆண்டுகளுக்கு மேல் ஞாயிறு பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள் என்ற உரிமையில் அதற்கு மறுமொழி எழுதுகிறேன். பிள்ளைகள் முதலில் பாடிவிடுகிறார்கள். பொருள் பின்னால் வந்து சேர்கிறது.

லூக்கா 19ஆம் அதிகாரத்துச் சகேயுவையே எடுத்துக்கொள்வோம். எரிகோவில் கூட்டத்துக்கு மேலாக இயேசுவைக் காண முடியாமல் தவித்த அந்தக் குள்ளமான ஆயக்காரர் (வரி வசூலிப்பவர்) ஏறிய மரத்தை ஆங்கிலப் பாட்டு ‘சிக்கமோர்’ என்கிறது. இங்கிலாந்தில் அந்தப் பெயருக்கு உரியது வேறொரு மரம். தமிழ் வேதாகமமோ ‘காட்டத்தி’ என்கிறது. லூக்கா எழுதிய கிரேக்கச் சொல்லுக்குள்ளும் அத்திதான் இருக்கிறது. என் வகுப்பில் 6 வயதுச் சிறுமி ஒருத்தி, கைமேல் கை வைத்து மரம் ஏறும் அபிநயத்தை நிறுத்தாமலே, “காட்டத்தின்னா என்ன ஆன்ட்டி?” என்று கேட்டாள். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்த்த அத்தியின் படத்தைக் காட்டினேன். அடுத்த வாரம், பூங்காவில் அதே மாதிரி ஒரு மரத்தைப் பார்த்ததாக மூச்சிரைக்க வந்து சொன்னாள். அப்படிக் காய்க்கும் அத்தி வகைகள் நம் தீவிலும் உண்டு.

சுவிசேஷத்துக்குள்ளேயே ஒரு பிள்ளைப் பாட்டு இருப்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். சந்தைவெளியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், குழல் ஊதினோம் நீங்கள் கூத்தாடவில்லை, புலம்பினோம் நீங்கள் மாரடிக்கவில்லை என்று தோழர்களைக் குறைசொல்வதை இயேசு எடுத்துச் சொல்கிறார் (மத்தேயு 11). லூக்கா 7இல் மாரடிப்பதற்குப் பதில் அழுகை வருகிறது. கல்யாண வீட்டையும் சாவு வீட்டையும் விளையாடிப் பார்க்கும் தெருப் பிள்ளைகளை இந்த வரிகளில் காணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும். குழல், கூத்து, மாரடித்தல் என்ற சொற்களில் அது நம் ஊர்த் தெருவாகவே ஆகிவிடுகிறது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1800இல் பெத்லகேம் குறவஞ்சியைப் பாடியபோது, குறவஞ்சி நாடகங்களில் நம் மக்கள் கூடிக் கண்டு மகிழ்ந்த, குறி சொல்லும் குறத்தியையே சுவிசேஷத்துக்குள் அழைத்துவந்தார். பாலகன் இயேசுவைக் கிடத்திய மாட்டுத் தீவனத் தொட்டியைக் குறிக்கும் ‘முன்னணை’ என்ற சொல்லும் இங்குள்ள பிள்ளைகளின் காதில் பாட்டு வழியாக விழுந்தால்தான் உண்டு; வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் அதைச் சொல்ல வேறு சந்தர்ப்பமே இல்லை.

ஆங்கிலப் பாடல்களை நீக்கும்படி நான் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் அபிநயத்தோடு ஒரு தமிழ்ப் பாடலும், கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் இரண்டும் இடம்பெறட்டும். முதிய அங்கத்தினர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் பாடல்களை இந்த ஆண்டுக்குள் ஒலிப்பதிவு செய்யுங்கள். அவர்களில் பலர் எண்பதைக் கடந்துவிட்டார்கள்.

என் தாயார் பாடக் கேட்டு நான் எழுதிவைத்த நோட்டுப் புத்தகத்தில் 31 பாடல்கள் இருக்கின்றன. கேட்கும் சபைக்குப் படியெடுத்துத் தருகிறேன். மெட்டை எழுதித் தர எனக்குத் தெரியாது. ஆராதனைக்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கினால் நானே வந்து பாடிக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர்