பென்சிலில் எழுதிய பெயர்கள்

அன்புள்ள அனைவருக்கும்,

தண்ணீர் புகுந்ததால் நின்றுபோயிருந்த நம் நுண்ணோக்கி வகுப்பு நேற்று மாலை மறுபடி நடந்தது. வீடு திரும்பியும் மனம் அடங்கவில்லை. அதனால்தான் இந்நேரத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என்ன நடந்தது, எதெல்லாம் போனது என்பது உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் அன்றிரவு முழங்கால் அளவு தண்ணீரில் என்னோடு நின்றவர்கள். அந்தக் கதையை மறுபடி கிளற எனக்குத் தெம்பில்லை. நன்றி மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

பெட்டிகளைத் தலையில் சுமந்து மாடியேற்றியவர்களுக்கு நன்றி. தங்கள் முன்னறையை வகுப்புக்கென்று ஒழித்துக் கொடுத்த குடும்பத்துக்கும், லென்ஸில் பூஞ்சை பிடிப்பதற்குள் நுண்ணோக்கிகளைக் கழற்றித் துடைத்து உலர்த்தித் தந்தவருக்கும், நனைந்த செடி மாதிரிகளுக்கு நாள் தவறாமல் செய்தித்தாள் மாற்றிக்கொண்டே இருந்த அண்ணன் தங்கைக்கும், பணம் அனுப்பிவிட்டுப் பெயர் வேண்டாம் என்றவர்களுக்கும் நான் என்ன செய்து ஈடுகட்டுவேன் என்று தெரியவில்லை. நீங்கள் இல்லையென்றால் இந்த வகுப்பு அன்றோடு முடிந்திருக்கும்.

ஆனால் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்காரும் அம்மா அவர். பள்ளியை விட்டு நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன என்று சொல்லித்தான் சேர்ந்தார். முதல் நாள் நுண்ணோக்கியில் கண் வைத்தவர், “என் இமை முடிதான் தெரிகிறது” என்றார். புதிதாகப் பார்க்கும் எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும். கண்ணைச் சற்றே பின்னுக்கு எடுங்கள், மற்றக் கண்ணையும் திறந்தே வைத்திருங்கள் என்றேன். அதன்பின் எட்டு வாரங்களில் அவர் என்னிடம் பேசியது மிகக் குறைவு. பார்ப்பார், வரைவார், நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

தண்ணீர் வடிந்த பிறகு ஸ்லைடு பெட்டியை, அதாவது நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் மாதிரிகள் ஒட்டிய கண்ணாடித் துண்டுகளின் பெட்டியை, திறந்தபோது கண்ணாடி ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. லேபிள்கள்தான் போயிருந்தன. சில உரிந்து மிதந்தன. ஒட்டிக்கொண்டிருந்தவற்றில் மை கரைந்து நீலத் திட்டாகப் பரவியிருந்தது. எந்த எண்ணுக்கு எந்த ஸ்லைடு என்று குறித்து வைத்திருந்த பதிவேடும் கூழாகிவிட்டது. பெயரில்லாத ஸ்லைடை வைத்துக்கொண்டு வகுப்பில் என்ன சொல்லித்தர முடியும்? 174 ஸ்லைடுகள். எல்லாவற்றையும் ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டேன். “இதையும் ஒரு நுண்ணோக்கியையும் கொஞ்ச நாள் எடுத்துப் போகட்டுமா?” என்று அந்த அம்மா கேட்டார். அன்றிருந்த களைப்பில் எதற்கு என்றுகூட நான் கேட்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துப் பெட்டியோடு வந்தார். ஒவ்வொரு ஸ்லைடிலும் புது லேபிள். எல்லாம் பென்சிலில். தண்ணீர் பட்டாலும் பென்சில் எழுத்து கரையாது, களக் குறிப்பைப் பென்சிலில் எழுதுங்கள் என்று முதல் வகுப்பில் நான்தான் சொல்லியிருந்தேன். அவர் அதை மறக்கவில்லை.

எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு நோட்டை எடுத்து நீட்டினார். தான் வந்த வகுப்புகளில் காட்டிய ஒவ்வொரு ஸ்லைடையும் வட்டம் போட்டு வரைந்திருக்கிறார். பக்கத்தில் பெயர், உருப்பெருக்கம், தேதி. ஒரு பக்கத்தில் இரண்டு வட்டங்கள். ஒன்றில் சின்னச் சின்ன உருண்டைகள், நடுவில் வெளிறிப்போய், மனித இரத்தம். மற்றதில் நீள்வட்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் அழுத்தி வைத்த ஒரு புள்ளி, தவளை இரத்தம். அந்தப் புள்ளிதான் உட்கரு. நம்முடைய முதிர்ந்த சிவப்பணுவில் அது கிடையாது. நம்முடையது 7 அல்லது 8 மைக்ரோமீட்டர் அகலம். தவளையுடையதின் நீளம் 20க்கும் மேல். அந்த அளவு வித்தியாசம்கூட அவர் படத்தில் இருந்தது. வேறு படங்களில், சூரியகாந்தித் தண்டில் நீரையும் உணவையும் கடத்தும் வாஸ்குலார் கற்றைகள் வளையமாக நிற்கின்றன, மக்காச்சோளத் தண்டில் சிதறிக் கிடக்கின்றன. கோடுகள் கோணல்மாணலாகத்தான் இருந்தன. ஆனால் பார்த்தது மட்டும்தான் அதில் இருந்தது, பாடப்புத்தகத்துப் படம் ஒன்றுகூட இல்லை. அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டு இரவுகள், ஒவ்வொரு ஸ்லைடாக ஒப்பிட்டிருக்கிறார்.

அவர் வகுப்புக்கு வராத நாட்களில் காட்டியவையும் அந்தப் பெட்டியில் உண்டு. அவற்றையும் விடவில்லை. ஒரு லேபிளில் இப்படி எழுதியிருந்தது: “ஒருவித்திலைத் தாவர வேர். எந்தச் செடி என்று உறுதியில்லை.” நானும் லென்ஸில் பார்த்தேன். நடுவில் பெரிய பித் என்ற மையத் திசு, சுற்றிலும் நீரைக் கடத்தும் சைலக் குழுக்கள் நிறைய. ஒருவித்திலை, அதாவது நெல், புல் போல ஒரே விதையிலை கொண்ட வகை, என்பது சரி. எந்தச் செடி என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. தெரிந்த எல்லை வரை வந்து அங்கேயே நின்றிருந்தார். இப்படி ஒன்பது ஸ்லைடுகள். மற்ற 165ஐயும் நான் சரிபார்த்து முடித்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

தேர்வு எழுதப் போகாதவர்களுக்கு எதற்கு இந்த வகுப்பு என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். ஆர்வத்தை வளர்க்க என்று சொல்லி வந்தேன். ஆர்வம் என்ற சொல் போதாது என்று இப்போது தோன்றுகிறது. பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று எழுத வேண்டும். இதை நான் பலமுறை வாயால் சொல்லியிருக்கிறேன். ஒருவர் யாரும் பார்க்காத இரவுகளில் அதைச் செய்திருந்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

இனி இந்த வகுப்பில் மையால் எழுதிய லேபிள் இருக்காது. ஒவ்வொரு குழு முடியும்போதும் மாணவர்களின் நோட்டுகளைப் படமெடுத்துப் பதிவேட்டின் பிரதியாக வைத்துக்கொள்வோம்; அவரவர் சம்மதித்தால் மட்டும். அந்த ஒன்பது ஸ்லைடுகளையும் நான் மாற்றப்போவதில்லை. அவர் எழுதியபடியே இருக்கட்டும். வருகிறவர்கள் பார்க்கட்டும், தேடட்டும்.

அடுத்த குழு சனிக்கிழமை தொடங்குகிறது. புதியவர்களுக்கு நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லித்தருகிறீர்களா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். வெகுநேரம் யோசித்தார். “இமை முடி தெரிகிறது என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்” என்றார்.