காங்கேசன்துறை ஆலைக் காணி: வலிகாமம் வடக்குப் பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளருக்கும் சபை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக் காணியை என்ன செய்வது என்ற பேச்சு திரும்பத் திரும்ப அடிபடுகிறது. கைத்தொழில் பேட்டை என்கிறார்கள், வேறு வேறு திட்டங்களும் சொல்கிறார்கள். காணி அரசுக் கூட்டுத்தாபனத்தினுடையது, முடிவு கொழும்பில்தான் எடுபடும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அது உங்கள் சபை எல்லைக்குள் கிடக்கிற காணி. அதைப் பற்றி முதலில் வாய் திறக்க வேண்டியவர்கள் நீங்கள்தான். எஞ்சி நிற்கிற கட்டடங்களில் ஒரு பகுதியையேனும் இடிக்காமல் வைத்து, அங்கே வேலை செய்தவர்களின் கதையைச் சொல்லும் இடமாக ஆக்க வேண்டும். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

1950இல் அந்த ஆலை உற்பத்தியைத் தொடங்கியபோது கைத்தொழில் அமைச்சராக இருந்தவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். வாழைச்சேனைக் காகித ஆலையோடும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையோடும் சேர்த்து அவர் காலத்து முயற்சியாக நம் மூத்தவர்கள் இன்றும் சொல்வது இதைத்தான். காலடியில் சுண்ணக்கல், முருங்கனிலிருந்து களிமண், பக்கத்தில் துறைமுகம், 1905இல் முழுமையான வடக்குப் புகையிரதப் பாதையின் கடைசித் தரிப்பிடம். வேறென்ன வேண்டும்? நாடு முழுக்க வீடும் பாலமும் எழும்பிய காலத்தில் அதற்கான சீமெந்து எங்கள் ஊரிலிருந்து போனது.

என் அப்பா சூளைப் பகுதியில் வேலை செய்தார். இரவு சிப்ட் முடிந்து விடியப்புறம் வரும்போது இமை மயிர்கூடச் சாம்பல் நிறத்தில் இருக்கும். காற்று எங்கள் பக்கம் திரும்புகிற நாட்களில் அம்மா கொடியில் உடுப்புக் காயப்போட மாட்டா. வாழையிலையிலும் முற்றத்து மல்லிகையிலும் தூசு படியும். மார்கழிப் பனியில் அது கூரை ஓட்டில் நனைந்து இறுகிப்போய், பிறகு தட்டினால் பொருக்குப் பொருக்காகக் கழன்று விழும். அந்த வேலைதான் எங்கள் நான்கு பேரையும் படிப்பித்தது. அப்பாவுக்குக் கடைசி வரை விடாத இருமலையும் அதே வேலைதான் கொடுத்தது என்று நான் நம்புகிறேன். நான் கேட்கிற இடத்தில் இந்த இரண்டும் சொல்லப்பட வேண்டும்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. ஆலை நின்றது, ஊரும் எழும்பிப் போனது. பிறகு சனம் உள்ளே போக முடியாத இராணுவ உயர் பாதுகாப்பு வலயம். திரும்பி வந்தவர்கள் கண்டதை நீங்களும் கண்டிருப்பீர்கள். பெயர்த்தெடுக்கக் கூடிய இரும்பெல்லாம் போய்விட்டது, பெயர்க்க முடியாத கொங்கிறீற்று மட்டும் நின்றது.

ஜேர்மனியில் எசன் என்றொரு நகரம். ரூர் ஆற்றுப் பக்கம், ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரிய நிலக்கரிப் பிரதேசம். என் தம்பி குடும்பம் அங்கேதான் இருக்கிறது. அவனிடம் போயிருந்தபோது சொல்ஃபெரைன் சுரங்கத்தைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனான். 1847இல் தொடங்கிய சுரங்கம் அது. 1932இல் திறந்த பன்னிரண்டாம் இலக்கச் சுரங்கவாயிலை ஃபிரிற்ஸ் ஷுப், மார்ட்டின் கிறெம்மர் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தார்கள். செங்கல்லும் உருக்குச் சட்டமுமாக, நடுவில் ஓங்கி நிற்கிற இரட்டைத் தாங்கல் கோபுரத்தோடு, பார்த்தவுடனே மனதில் நிற்கிற கட்டடம். 1986 டிசம்பர் 23இல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது.

அங்கேயும் இடித்துத் தள்ளி வேறு ஏதாவது கட்டுவோம் என்றவர்கள் இருந்தார்கள். மாநில அரசு காணியை வாங்கி, கட்டடங்களைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. கொதிகலன் கட்டடத்தை 1997இல் நோர்மன் ஃபொஸ்டர் வடிவமைப்பு அருங்காட்சியகமாக மாற்றிக் கொடுத்தார். 2001இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 2010இல் எசன் ரூர் பிரதேசத்தின் சார்பில் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்தது. அந்த ஆண்டுதான் நிலக்கரி கழுவிய ஆலைக்குள் ரூர் அருங்காட்சியகமும் திறந்தது. செம்மஞ்சள் நிறத்தில் ஒளிரும் நகரும் படிக்கட்டில் 24 மீற்றர் உயரம் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே கழுவும் இயந்திரங்களை அப்படியே விட்டு, அவற்றுக்கிடையில் காட்சிகளை வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இவையெல்லாவற்றையும் விடப் பிடித்தது தொழிலாளர்கள் உடுப்பு மாற்றிய கட்டடம். அங்கே அலுமாரி என்று ஒன்று இருந்ததில்லை. ஆளுக்கொரு கொக்கி, கொக்கிக்கு ஒரு சங்கிலி. வீட்டு உடுப்பைக் கொக்கியில் கொழுவி, சங்கிலியைப் பிடித்திழுத்துக் கூரை வரை ஏற்றி, கீழே பூட்டிவிட்டுச் சுரங்கத்துக்குள் இறங்குவார்களாம். ஈர உடுப்பு மேலே போகிற சூட்டுக் காற்றில் காய்ந்துவிடும், களவும் போகாது. இப்போது அந்தக் கட்டடத்தில் நடனம் பழகுகிறார்கள், மேடையேற்றுகிறார்கள். எங்கள் ஆலையில் சிப்ட் மாறும்போது அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் எங்கே உடுப்பு மாற்றினார்கள் என்று தம்பி என்னிடம் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லக் கூடியவர்களில் பலர் இப்போது இல்லை.

எசன் மட்டுமல்ல. பக்கத்தில் டுயிஸ்பேர்க்கில் 1985இல் மூடிய இரும்பாலையைப் பூங்காவாக்கி விட்டார்கள். எரிவாயுத் தாங்கிக்குள் தண்ணீர் நிரப்பிச் சுழியோடப் பழகுகிறார்கள், தாது கொட்டிய சுவர்களில் பிள்ளைகள் ஏறி விளையாடுகிறார்கள். ஹம் நகரத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து நம் சனம் திரள்கிற நகரம். அதுவும் நிலக்கரி நகரந்தான். 1908இல் அங்கே ராட்பொட் சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் முந்நூறுக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். இன்னொரு சுரங்கமான மக்சிமிலியான் இருந்த இடம் 1984இல் பூங்காவானது. அங்கே கரி கழுவிய கட்டடத்தைக் கண்ணாடி யானையாக உருமாற்றி வைத்திருக்கிறார்கள். தேருக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை அந்த யானைக்குள்ளும் ஏற்றிக்காட்டிவிட்டு வரலாம்.

ஆனால் அந்த நாட்டைப் பார்த்து நாம் எடுக்க வேண்டிய பாடம் பூங்காவோடு முடிவதில்லை. நிலத்துக்கு அடியில் கரியை எடுத்ததால் எசனின் சில பகுதிகள் இருபது மீற்றருக்கு மேல் தாழ்ந்துவிட்டன. நிலம் அமிழ்ந்து குழாய்கள் உடையும் என்பதால் கழிவுநீர்க் குழாய்களைப் புதைக்க முடியாமல், எம்ஷர் ஆற்றையே திறந்த சாக்கடையாக நூறாண்டுக்குக் கிட்ட ஓடவிட்டார்கள். அதைத் திருத்தும் வேலை 1992இல் தொடங்கி 2021 வரை இழுபட்டது, ஐந்து பில்லியன் யூரோவுக்கு மேல் விழுங்கியது. ஜேர்மனியின் கடைசிக் கருங்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. கரி எடுப்பது நின்றாலும் தண்ணீர் இறைப்பது நிற்கவில்லை, நிறுத்தவும் முடியாது. நிறுத்தினால் தாழ்ந்த ஊர்கள் நீரில் நிற்கும். சந்ததி சந்ததியாக இறைக்க வேண்டும், அதற்கென்று நிதி ஒதுக்கி ஒரு நிறுவனமே வைத்திருக்கிறார்கள்.

நாம் தோண்டியது கரியல்ல, நம் குடிதண்ணீர் இருக்கிற கல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, உவர்நீருக்கு மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கீரிமலையில் கடலோரத்தில் ஊறுவதும், நிலாவரையில் நிற்பதும், நம் தோட்டக் கிணறுகளில் சுரப்பதும் அந்த நீர்தான். வெங்காயமும் புகையிலையும் அதை நம்பித்தான். ஆலைக்குக் கல் வெட்டிய கிடங்குகள் இன்றும் பரந்து கிடக்கின்றன. இனியும் ஆழமாக வெட்டினால் கடல் உள்ளே வரும். ஒருமுறை உவரேறிய கிணற்றை மீட்பது எவ்வளவு கடினம் என்று கரையோரத் தோட்டக்காரரைக் கேளுங்கள். ஆகவே அந்தக் காணியில் எந்தத் தொழில் வந்தாலும் வரட்டும், கல் வெட்டுவது மட்டும் வேண்டாம் என்று சபை எழுத்தில் சொல்ல வேண்டும். பழைய கிடங்குகளுக்கு வேலி போடுவதும், அவற்றில் குப்பை கொட்டாமல் பார்ப்பதும் கொழும்பைக் கேட்டுச் செய்ய வேண்டிய வேலைகள் அல்ல.

வேலையில்லாமல் இளையவர்கள் இருக்கிற ஊரில் அருங்காட்சியகம் எதற்கு என்று கேட்பீர்கள். காணி முழுதாகத் திரும்பக் கிடைக்காத குடும்பங்களும் அதையே கேட்கும். கேட்பது நியாயம். சொல்ஃபெரைனுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் சனம் வருகிறது. அப்படியிருந்தும் கரி கொடுத்த அத்தனை வேலையையும் சுற்றுலா திருப்பிக் கொடுக்கவில்லை. பக்கத்து நகரமான கெல்சன்கிர்சனில் வேலையின்மை இன்றும் மிக அதிகம். அதனால்தான் நான் முழுக் காணியையும் கேட்கவில்லை. தொழில் வரட்டும். ஒரு கட்டடத்தையும், அதைச் சுற்றி ஒரு துண்டு நிலத்தையும் விட்டுவைக்கும்படிதான் கேட்கிறேன். 2015இல் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறைக்கு வந்தது, 2023இல் நாகபட்டினத்திலிருந்து கப்பலும் வந்தது. வந்து இறங்குகிற ஆளுக்குக் கீரிமலையையும் மாவிட்டபுரத்தையும் காட்டுகிறோம். எழுபது ஆண்டுக்கு முன்னர் இந்த ஊர் தன் கையால் என்ன செய்தது என்று காட்ட எதுவும் இல்லை.

ஜேர்மன்காரர் திட்டமிட்டு மூடினார்கள், அதனால் அவர்களிடம் வரைபடமும் பதிவேடும் புகைப்படமும் இருந்தன. எங்கள் ஆலையைக் கைவிட்டு ஓட வேண்டி வந்தது. ஆலையின் பதிவுகள் இன்று இருப்பது வீடுகளில்: அடையாள அட்டை, சம்பளத் துண்டு, விளையாட்டுப் போட்டிப் படம், ஓய்வு பெற்ற நாளில் கொடுத்த பரிசு. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ரொறன்ரோவிலும் எசனிலும் அலுமாரிகளுக்குள் கிடக்கின்றன. இவற்றைச் சேர்க்கக் கட்டடம் தேவையில்லை. தெல்லிப்பழையில் சபை நூலகத்தில் ஒரு மேசையும், படி எடுக்க ஓர் இயந்திரமும், ஆறுதலாக இருந்து முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்ய இரண்டு இளையவர்களும் போதும்.

அடுத்த சபைக் கூட்டத்தில் இதை ஒரு பிரேரணையாக எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். நிற்கிற கட்டடங்களை அளந்து படமெடுத்துப் பதியும் வரை எதையும் இடிக்க வேண்டாம் என்ற கோரிக்கை மாகாண சபைக்கும் மத்திய அமைச்சுக்கும் போகட்டும். அப்பாவின் தொழிலாளர் அட்டையையும், சூளைக்கு முன்னால் அவர் கூட்டாளிகளோடு நின்று எடுத்த படத்தையும் நான் கொண்டுவந்து தருகிறேன். படத்தில் நிற்கிறவர்களில் சிலருடைய பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்த இரண்டு ஐயாமார் இன்னும் மாவிட்டபுரத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஆளனுப்பக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
காங்கேசன்துறையில் பிறந்த, சூளைத் தொழிலாளி ஒருவரின் மகள்