எந்த ஆல்பத்தைக் கேட்டு எழுதினார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இசைப் பக்கத்தில், மின்கிட்டார்களும் டிரம்ஸும் உரத்து ஒலிக்கும் ராக் இசை வகையான மெட்டல் இசை என்பது "இளமையின் ஆவேசத்துக்கு ஒரு வடிகால், வயதானால் தானே விட்டுப்போகும் சத்தம்" என்று ஒரு வரி வெளியாகியிருந்தது. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சத்தத்தைத்தான் மாலைதோறும் கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கு அந்த வரி வருத்தம் தந்தது. கட்டுரை முழுவதும் தேடியும் ஓர் ஆல்பத்தின் பெயர்கூட அகப்படாதது இன்னும் அதிகமாக உறுத்தியது. நூலின் பெயரே இல்லாத ஒரு மதிப்புரையைத் தாங்கள் அச்சேற்ற மாட்டீர்கள்.

முதல் முறை கேட்கும்போது வசப்படாத ஆல்பங்கள் உண்டு என்பது தாங்கள் அறியாததல்ல. கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த கோர்கட்ஸ் குழு 1998இல் வெளியிட்ட 'அப்ஸ்கியூரா'வை எடுத்துக்கொள்கிறேன். தொடக்கத்தில் கிட்டார்கள் கீறுவதும் முனகுவதும் தவிர எனக்கு அதில் எதுவும் பிடிபடவில்லை. விட்டுவிட மனமில்லாமல், ஒரு நாள் பாஸ் கிட்டாரை மட்டும், இன்னொரு நாள் டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டேன். தாறுமாறாகத் தோன்றிய ஒலிகள் உரிய இடங்களில் திரும்பி வருவதும், இரண்டு கிட்டார்கள் ஒன்றையொன்று மறித்தும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லியும் நகர்வதும் அப்போதுதான் காதில் தெளிந்தன. 'எர்த்லி லவ்' பாடலில், அத்தனை கரடுமுரடுக்கும் நடுவே குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான லுக் லெமே, வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவை வாசிக்கும் பகுதிக்காக இன்றும் காத்திருந்து கேட்கிறேன்.

ஸ்வீடன் நாட்டு மெஷூகா குழுவின் 'நத்திங்' (2002) வேறு வகையில் கடினமானது. சிம்பல் நான்கு நான்காக நிதானமாக நடக்க, கிட்டார்களும் பாஸ் டிரமும் வேறு நீளமுள்ள தாளச் சொற்கட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசித்து, அடி விலகிப் போய், பல சுற்றுகள் கழித்து மீண்டும் ஒன்றுசேரும். மார்கழிக் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனத்துக்குத் தாளம் போட்டுப் பழகிய கை எனக்கு இங்கே உதவியது. தாளத்தை நழுவவிடாமல் அந்தச் சேரும் இடம்வரை போகிறவருக்கு வாய்க்கும் மகிழ்ச்சி முழுக்கவும் கவனத்தின் பலன். அதே குழுவின் 'கேட்ச் தர்ட்டித்ரீ' (2005), 13 தடங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தாலும், ஏறத்தாழ 47 நிமிடங்கள் ஓடும் ஒரே படைப்பு. அதன் ஒரு துண்டைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்ல யாராலும் இயலாது.

தங்கள் இதழில் இப்படி நேர்வது முதல் முறையும் அன்று. சில ஆண்டுகளுக்கு முன் கிங் கிரிம்சன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவைப் பற்றி வந்த குறிப்பில், அவர்களது ஆல்பத்தின் உறை ஓவியத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. 1974இல் வெளிவந்த 'ரெட்' ஆல்பத்தின் கடைசிப் பாடலான 'ஸ்டார்லெஸ்'ஸில், 13 எண்ணிக்கையில் சுழலும் பாஸ் வாசிப்பின் மீது அக்குழுவின் ராபர்ட் ஃபிரிப்பின் கிட்டார் ஏறத்தாழ ஒற்றை ஸ்வரத்தையே பிடித்துக்கொண்டு படிப்படியாக மேலேறும் பல நிமிடங்களைப் பற்றி அன்றே விரிவாகத் தங்களுக்கு எழுதினேன். அக்கடிதம் வெளியாகவில்லை, பெற்றுக்கொண்டதாக ஒரு வரிப் பதிலும் வரவில்லை. அதன் பிறகு மெட்டல் இசை தங்கள் பக்கங்களில் இடம்பெற்றதெல்லாம் ஏதேனும் ஒரு கச்சேரியில் ரகளை நடந்த செய்தியாகத்தான். திரையிசைக்கும் கர்நாடக இசைக்கும் பொறுமையாகக் காது கொடுத்து எழுதும் தங்கள் இதழை இத்தனை காலம் மதித்து வாங்கி வருகிறவன் என்பதால் இந்தப் பாகுபாடு என்னை மிகவும் வருத்துகிறது.

இந்த இசை எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று நான் கோரவில்லை. முழுவதும் கேட்டபின் பிடிக்கவில்லை என்று ஒருவர் காரணத்தோடு எழுதினால் அதை மரியாதையோடு படிப்பேன். அக்கட்டுரையாளர் எந்தெந்த ஆல்பங்களை முழுமையாகக் கேட்டு அந்த வரியை எழுதினார் என்பதை, குழுவின் பெயரோடும் வெளியான ஆண்டோடும் அடுத்த இதழில் இரண்டு வரிகளில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி