ஸ்கிரீன் டைம்–தூக்கம் புராஜெக்ட் எடுத்தவர்கள் கவனத்துக்கு

வணக்கம். ‘தினமும் எத்தனை மணி நேரம் போன் பார்க்கிறீர்கள்?’ என்று கேட்டு எழுதிக்கொள்ளாதீர்கள்; ஞாபகத்தில் சொல்லும் கணக்கு பெரும்பாலும் தப்பாகத்தான் வரும். ஐபோனில் ஸ்கிரீன் டைம், ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங். செட்டிங்ஸில் அதைத் திறக்கச் சொல்லி, முடிந்த 7 நாள் கணக்கை ஆப் வாரியாகக் குறியுங்கள். யூடியூப்பில் பாடம் பார்த்த நேரமும் அதிலேயே சேர்ந்திருக்கும், அதைத் தனியாகக் கேளுங்கள்.

தூக்கத்துக்கு பிட்ஸ்பர்க் படிவம் (PSQI, தூக்கம் எப்படி இருக்கிறது என்று மதிப்பெண் போட்டு அளக்கும் கேள்வித்தாள்): கடந்த ஒரு மாதத்துக்கானது, மொத்த மதிப்பெண் 0–21, 5-க்கு மேல் போனால் தூக்கம் சரியில்லை.

கூகுள் ஃபார்மை வாட்ஸப்பில் மட்டும் போட்டால் எந்நேரமும் போனில் இருப்பவர்கள்தான் அதிகம் நிரப்புவார்கள், முடிவே சாய்ந்துவிடும். வகுப்புக்கும் நேரில் போங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். நெறிமுறைக் குழு அனுமதி கைக்கு வரும்வரை ஒரு படிவம்கூட வாங்கவேண்டாம்.