ரானுடைய வசனங்களை ரானிடமே கொடுங்கள்

ஹாரி பாட்டர் தொலைக்காட்சித் தொடரை எழுதும் பிரான்செஸ்கா கார்டினருக்கும் அவருடைய எழுத்தாளர் குழுவினருக்கும்,

வணக்கம். புத்தகங்களுக்கு விசுவாசமான தழுவலாக இருக்கும் என்று 2023 ஏப்ரலில் எச்பிஓ அறிவித்ததிலிருந்து ரசிகர்கள் ஆளுக்கொரு பட்டியல் நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காட்சி வேண்டும், இந்தப் பாத்திரம் வேண்டும், படத்தில் விட்டதையெல்லாம் சேர்க்க வேண்டும் என்று. நான் கேட்பது ஒன்றுதான். ஹாரியின் நண்பன் ரான் வீஸ்லி புத்தகத்தில் பேசியதை அவனையே பேச விடுங்கள்.

2001 முதல் 2011 வரை வந்த எட்டுப் படங்களில் ஏழுக்குத் திரைக்கதை எழுதியவர் ஸ்டீவ் குளோவ்ஸ். தனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் ஹாரி, ரான் இருவரின் தோழி ஹெர்மாயினி என்று அவரே சொல்லியிருக்கிறார். பிடித்துவிட்டுப் போகட்டும், எழுதுகிறவருக்கு அந்த உரிமைகூட இல்லையா? ஆனால் ஓர் இலையில் வைத்ததை எடுத்துப் பக்கத்து இலையில் வைத்தால் பந்தியில் இருப்பவர்களுக்குத் தெரியாமலா போகும்?

மூன்றாம் புத்தகத்தில் ஆசிரியர் லூப்பினுக்குப் பதிலாக இன்னோர் ஆசிரியரான ஸ்நேப் வகுப்பெடுக்க வரும் நாளைப் பாருங்கள். ஓநாய் மனிதனைப் பற்றிக் கேள்வி கேட்கிறார். ஹெர்மாயினி மட்டும் கை தூக்குகிறாள். அவர் கண்டுகொள்ளவில்லை. பொறுக்காமல் அவளே பதிலைச் சொல்லிவிட, 'சகிக்க முடியாத மேதாவி' என்று சொல்லி ஐந்து புள்ளிகளைக் குறைக்கிறார். அவள் கையை இறக்கிக்கொண்டு கண்ணில் நீர் முட்டத் தரையைப் பார்க்கிறாள். வாரத்துக்கு இரண்டு தடவையாவது அதே வார்த்தையால் அவளைத் திட்டுகிற ரான்தான் அப்போது உரக்கக் கேட்கிறான்: "கேள்வி கேட்டீர்கள், அவளுக்கு பதில் தெரியும். பதில் வேண்டாமென்றால் எதற்குக் கேட்டீர்கள்?" வகுப்பே உறைந்துபோகிறது. தண்டனையாக, மருத்துவப் பிரிவின் மலச்சட்டிகளை மந்திரம் இல்லாமல் கையால் தேய்த்துக் கழுவுகிறான்.

2004இல் வந்த படத்திலும் இந்தக் காட்சி இருக்கிறது. ஸ்நேப் அதையே சொல்கிறார். ரான் திரும்பி, "அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது" என்கிறான். தியேட்டர் சிரித்தது. புத்தகம் படித்தவர்களுக்கு வயிறு எரிந்தது. காட்சியைச் சுருக்கியிருந்தால் நேரமில்லை என்று விட்டுவிடலாம். இங்கே அவன் செய்ததற்கு நேர் எதிரானதை அவன் வாயில் வைத்தார்கள்.

அதே படத்தில், அதே ரானுக்கு, இன்னொன்றும் நடந்தது. ஷ்ரீக்கிங் ஷேக் என்ற பாழடைந்த வீட்டில், ஹாரியைக் கொல்ல வந்தவர் என்று மூவரும் நம்பும் சிரியஸ் பிளாக் எதிரே நிற்கிறார், ரானின் கால் முறிந்திருக்கிறது. புத்தகத்தில் அந்தக் காலோடு எழுந்து, முகம் வெளுத்து, ஆடியபடி, "ஹாரியைக் கொல்ல வேண்டுமென்றால் எங்களையும் சேர்த்துத்தான் கொல்ல வேண்டும்" என்கிறான். படுத்துக்கொள், கால் இன்னும் மோசமாகும் என்று பிளாக்கே சொல்கிறார். ரான் விடுவதாக இல்லை. ஹாரியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே மறுபடியும் சொல்கிறான். படத்தில் இந்த வசனம் ஹெர்மாயினிக்குப் போய்விட்டது. இரண்டு காலும் நன்றாக இருக்கும் ஒருவர் சொல்லும்போது அது நல்ல வசனம், அவ்வளவுதான். முறிந்த காலில் நிற்பவன் சொல்லும்போதுதான் அவன் யாரென்று தெரிகிறது.

இன்னொரு இழப்பு சத்தமில்லாமல் நடந்தது. மூவரில் மந்திரவாதிக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவன் ரான் மட்டும்தான். ஹாரி டர்ஸ்லி வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் வளர்ந்தவன், ஹெர்மாயினியின் பெற்றோர் பல் மருத்துவர்கள். அதனால் அந்த உலகத்தின் வழக்கங்கள், வசவுகள், வீட்டுப் பேச்சு எல்லாம் ரான் வழியாகத்தான் நமக்கு வர வேண்டும். இரண்டாம் புத்தகத்தில் சக மாணவன் மால்ஃபாய் அவளை 'மட்பிளட்' (மந்திரவாதி அல்லாத பெற்றோருக்குப் பிறந்தவரை இழிவுபடுத்தும் வசவு) என்று திட்டும்போது ஏதோ மோசமான வார்த்தை என்பது தவிர ஹெர்மாயினிக்கு ஒன்றும் புரியவில்லை. மால்ஃபாய் மேல் மந்திரம் ஏவப் போய், உடைந்த மந்திரக்கோல் திருப்பியடிக்க, நத்தையாக வாந்தி எடுத்துக்கொண்டே ஹாக்ரிட்டின் குடிசையில் அதை விளக்குபவன் ரான்தான். படத்தில் அவளுக்கே எல்லாம் தெரிந்திருக்கிறது, அவளே கண் கலங்கி விளக்குகிறாள். எல்லாம் அவளுக்கே தெரியும் என்றால் ரான் எதற்கு? படங்களைப் பார்த்த பலர் அப்படித்தான் கேட்டார்கள், அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை.

இதனால் ஹெர்மாயினிக்கும் லாபமில்லை. முதல் புத்தகத்தில் டெவில்ஸ் ஸ்னேர் கொடி அவர்களைச் சுற்றி இறுக்குகிறது. நெருப்பு மூட்ட வேண்டும் என்று ஹாரி சொல்ல, "விறகு இல்லையே!" என்று அவள் கையைப் பிசைகிறாள். "உனக்கென்ன பைத்தியமா, நீ சூனியக்காரியா இல்லையா?" என்று ரான் கத்துகிறான். கோல் கையில் இருக்கும்போது விறகு தேடும் பன்னிரண்டு வயதுப் பெண்! எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். படத்து ஹெர்மாயினி பதறவே இல்லை. இப்போது ஏழாம் புத்தகத்துக்குப் போங்கள். போர் நடுவில் மூவரும் கிட்டே வருபவரை அடிக்கும் வொம்ப்பிங் வில்லோ மரத்தின் முன்னால் நிற்கிறார்கள். ஹெர்மாயினியின் பூனை குரூக்ஷாங்ஸ் இருந்தால் மரத்தை அடக்கியிருக்கும் என்று ரான் அங்கலாய்க்கிறான். மூச்சு வாங்கியபடி அவள் திருப்பிக் கேட்கிறாள்: "குரூக்ஷாங்ஸா? நீ மந்திரவாதியா இல்லையா?" 1997இல் போட்ட முடிச்சை 2007இல் அவிழ்க்கிற வசனம் இது. முதல் சீசன் படப்பிடிப்பு 2025 ஜூலையில் லீவ்ஸ்டனில் தொடங்கிவிட்டது. இந்த முடிச்சைப் போட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் கடைசி சீசனில் அவிழ்க்க ஒன்றும் இருக்காது.

அதற்காக அவனை உத்தமனாக்கி விடாதீர்கள், அதுவும் கெடுதல்தான். நான்காம் புத்தகத்தில் நடனத்துக்கு ஜோடி கிடைக்காமல் கடைசி நேரத்தில், "ஹெர்மாயினி, நீ பெண்தானே!" என்று கண்டுபிடிக்கிறவனும் அவன்தான். மந்திரப் போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் கோப்பையிலிருந்து ஹாரியின் பெயர் வந்ததும் பொறாமையில் வாரக்கணக்காகப் பேசாமல் இருக்கிறான். ஏழாம் புத்தகத்தில் நண்பர்களைக் கூடாரத்தில் விட்டுவிட்டு வெளியேறுகிறான். இதெல்லாம் அப்படியே வேண்டும். படங்கள் இந்தப் பக்கத்தை ஓரளவு காட்டின, ஈடுகட்டும் பக்கத்தைத்தான் கழித்துவிட்டன.

ரான், ஹெர்மாயினி முத்தக் காட்சிக்கு வருவோம். படத்தில் ரகசிய அறையில், வில்லனின் உயிரில் ஒரு பங்கு ஒளிந்திருக்கும் வேறொரு கோப்பையை அழித்தபின், தண்ணீர் எழும்பி நனைத்தபின் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. புத்தகத்தில் போர் தொடங்கும் நேரத்தில், பள்ளிச் சமையலறையில் அடிமைகளாக வேலை செய்யும் வீட்டு எல்ஃப்களை மறந்துவிட்டோம், அவர்களை வெளியே போகச் சொல்ல வேண்டும், நமக்காகச் சாகும்படி உத்தரவிட முடியாது என்கிறான் ரான். ஹெர்மாயினி கையிலிருந்த பாசிலிஸ்க் பாம்பின் பற்களைக் கீழே போட்டுவிட்டு ஓடி வருகிறாள். நான்காம் புத்தகத்தில் எல்ஃப்களின் உரிமைக்காக அவள் சங்கம் தொடங்கியபோது விடாமல் கிண்டல் செய்தவன் அவன்தான். அந்தச் சங்கத்தைப் படங்கள் மொத்தமாக விட்டுவிட்டதால் அவர்களிடம் தண்ணீர்தான் மிஞ்சியது. நீங்கள் சங்கத்தை வெட்டலாமா என்று யோசிக்கும் நாளில் இதையும் கணக்கில் வையுங்கள்.

படங்கள் தாமாகச் சேர்த்த வசனங்கள் எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். இருண்ட காலத்திலும் விளக்கைப் போட நினைவிருந்தால் மகிழ்ச்சி கிடைக்கும் என்று தலைமை ஆசிரியர் டம்பிள்டோர் சொல்வது எந்தப் புத்தகத்திலும் இல்லை, மூன்றாம் படத்துக்காக எழுதியது. ஆனாலும் போஸ்டரிலும் காபிக் கோப்பையிலும் அவர் பெயரோடு நிலைத்துவிட்டது. அது போகட்டும். ஆழ்மனதின் ஆசையைக் காட்டும் எரிசெட் கண்ணாடியில் தெரிவது என்ன என்று ஹாரி கேட்க, தடித்த கம்பளிக் காலுறை ஒரு ஜோடி என்று புத்தகத்து டம்பிள்டோர் சொல்லும் பொய்யைச் சேர்த்தால் எனக்குப் போதும். எல்லாரும் புத்தகமாகவே பரிசு கொடுக்கிறார்கள் என்று அலுத்துக்கொள்வாரே, அதையும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
ரான் கட்சிக்காரர் ஒருவர்

பி.கு.: ஒன்றுதான் கேட்பேன் என்றேன், காலுறையோடு இரண்டாகிவிட்டது, இது மூன்றாவது. பீவ்ஸ், பள்ளியில் குறும்பு செய்து திரியும் ஆவி. முதல் படத்தில் அவனாக ரிக் மேயலை நடிக்க வைத்துப் படம் பிடித்து, பிறகு ஒரு காட்சிகூட விடாமல் வெட்டிவிட்டார்கள். அவன் இல்லாததால் ஐந்தாம் புத்தகத்தில் சரவிளக்கைக் கழற்றிக்கொண்டிருக்கும் பீவ்ஸிடம், கொடுமைக்காரத் தலைமை ஆசிரியை அம்ப்ரிட்ஜ் மேலுள்ள கடுப்பில், ஆசிரியை மெக்கோனகல் உதட்டோரமாகச் சொல்லிவிட்டுப் போகும் "அந்தப் பக்கம் திருகினால்தான் கழலும்" என்ற வசனமும் போய்விட்டது. உங்கள் தொடரில் மெக்கோனகலாக நடிக்கும் ஜேனட் மெக்டீர் அதைச் சொல்லிக் கேட்க வேண்டும்.