கோவையா, நாகர்கோவிலா? வாசற்படியிலிருந்து அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையை விட்டு வேறு ஊருக்குக் குடிபெயர எண்ணுபவர்களுக்காகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை நானும் என் மனைவியும் இரண்டு முறை படித்தோம். நடை, சைக்கிள், மலையேற்றம், பறவை பார்த்தல் என்று வெளியில் திரிவதில் நாட்டமுள்ளவர்களுக்குக் கோயம்புத்தூரே முதல் தேர்வு என்றும், நாகர்கோவில் அமைதியை விரும்பும் முதியவர்களுக்கு ஏற்றது என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. இதே இரண்டு ஊர்களுக்கு இடையில் முடிவெடுக்க முடியாமல் ஓராண்டாகத் தடுமாறி, இரண்டிலும் தலா ஒரு மாதம் வாடகைக்குத் தங்கிப் பார்த்தவர்கள் நாங்கள். அந்த வரிசையை நாங்கள் மாற்றித்தான் போடுவோம். அதற்கான காரணங்களைச் சொல்லவே இக்கடிதம்.

முதலில் கோவையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நாங்களும் கோவை என்றே மனத்தில் முடிவு செய்துகொண்டுதான் கிளம்பினோம். தேச வரைபடத்தை விரித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மேற்கே வெள்ளியங்கிரியும் சிறுவாணியும், வடக்கே மேட்டுப்பாளையம் தாண்டினால் நீலகிரி, தெற்கே பொள்ளாச்சி வழியாக ஆனைமலை, வால்பாறை. கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே ஊர் இருப்பதால் மார்கழி விடியற்காலையின் குளிர் சென்னைவாசிக்குக் கனவு போல இருக்கிறது. ஆனால் ஒரு மாதம் தங்கிய பிறகு புரிந்தது என்னவென்றால், மலை கண்ணுக்குத் தெரிவது வேறு, மலைக்குப் போக முடிவது வேறு.

நாங்கள் தங்கியது வடவள்ளிப் பக்கம். மாடியில் நின்றால் மருதமலை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். மூன்றாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு அடிவாரம் நோக்கி நடக்கத் தொடங்கியவர்களை, பால் கறந்துகொண்டு வந்த பெரியவர் ஒருவர் கையை விரித்து நிறுத்தினார். "அந்தப் பக்கம் போவாதீங்க சார், ஒத்தை ஆனை நிக்குதுங்க" என்றார். அடுத்த வாரமும் இதே கதைதான். மருதமலை அடிவாரத்திலும் தடாகம் பள்ளத்தாக்கிலும் தொண்டாமுத்தூர்ப் பக்கமும் யானைகள் தோட்டங்களுக்குள் வருவது செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் புதிதல்ல. அவற்றின் வழித்தடத்தில் நாம்தான் வீடு கட்டியிருக்கிறோம் என்பதால் யானையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் 'மலையடிவார மனைகள்' என்று விளம்பரம் செய்பவர்கள், அந்த அடிவாரத்தில் இருள் பிரியும் முன் நடக்க முடியாது என்பதையும் ஒரு வரியில் சேர்க்கலாம்.

சரி, காட்டுக்குள் முறைப்படி போகலாம் என்றால் அதற்கும் ஏற்பாடு இருக்கிறது, கட்டுப்பாடும் இருக்கிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்த பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்து, இணையத்தில் முன்பதிவு செய்து வழிகாட்டியுடன் போகும் முறையைக் கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடு, நாங்களும் போய் வந்தோம், உடன் வந்த பழங்குடி இளைஞர் ஒரு மரத்தையும் பெயர் சொல்லாமல் விடவில்லை. வெள்ளியங்கிரி ஏற அனுமதி பிப்ரவரி முதல் மே வரைதான். ஊட்டிக்குப் போக 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். இவை யாவும் காட்டுக்கு அவசியமானவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. நான் சொல்வது வேறு: முன்பதிவும் அனுமதியும் வாகனமும் தேவைப்படும் ஒன்று மாதத்துக்கு ஒரு முறை செய்வதாகத்தான் இருக்க முடியும். அதற்குச் சென்னையிலிருந்தே இரவு ரயில் பிடித்துப் போய்விடலாமே, குடிபெயர வேண்டியதில்லை.

ஆகவே என் மனைவி ஒரு சோதனையை முன்வைத்தார். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, வேலைக்காரப் பெண் எட்டரைக்கு வருவதற்குள், யாரிடமும் அனுமதி கேட்காமல், காரை எடுக்காமல், வாசற்படி இறங்கி எங்கே போய்த் திரும்ப முடியும்? இதுதான் அவருடைய கேள்வி. கோவையில் இதற்குக் கிடைத்த விடை, குளங்கள். உக்கடம் பெரியகுளத்திலும் வாலாங்குளத்திலும் நடைபாதை நன்றாகவே அமைத்திருக்கிறார்கள். சிங்காநல்லூர்க் குளத்தில் ஒரே காலையில் நாற்பது வகைப் பறவைகளை நான் குறித்துக்கொண்டேன். ஆனால் அந்தக் குளங்களை அடையும் முன் மேம்பாலங்களையும் சிக்னல்களையும் தாண்டியாக வேண்டும், கரையில் நிற்கும்போது சாக்கடை வாடையையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இனி நாகர்கோவில். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்த குமரி மாவட்டத்தின் தலைநகரான இந்த ஊர் மாநகராட்சி ஆனது 2019-இல்தான். எந்தத் திசையில் அரை மணி நேரம் சைக்கிள் மிதித்தாலும் ஊர் முடிந்து வயல் தொடங்கிவிடுகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் என்பதால் அந்த வயலில் ஆண்டின் பெரும்பகுதி ஏதாவது பச்சை இருக்கிறது. வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயை இங்கே எல்லோரும் 'சானல்' என்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து முந்நூறு அடியில் சானல் கரை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் தென்னை, எதிரே வேளிமலையின் நீலம். தினமும் ஐந்து கிலோமீட்டர் நடந்தோம். ஒரு முறைகூட யாரும் எங்களை நிறுத்தவில்லை, "எங்க வீடு?" என்று விசாரித்ததைத் தவிர.

பறவை பார்ப்பவனுக்கு இந்த ஊர் செய்யும் உபகாரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சுசீந்திரம்-தேரூர் குளங்களும் வேம்பனூர்க் குளமும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் இடம்பெற்றவை. ஊருக்குள் இருக்கும் கோட்டாற்றிலிருந்து சைக்கிளில் புறப்பட்டு, டீக்கடையில் ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டுப் போனாலும் சூரியன் மேலே ஏறுவதற்குள் தேரூர்க் கரையில் நிற்கலாம். ஜனவரியில் ஒரு காலை: சங்குவளை நாரைகள் முழங்கால் தண்ணீரில் அலகை விரித்து வைத்துக்கொண்டு மீன் தானாக வந்து மாட்டும் என்று காத்திருக்க, நீலத் தாழைக்கோழி ஒன்று தன் நீண்ட விரல்களால் தாமரைத் தண்டைப் பிடித்து, நாம் கரும்பு தின்பதைப் போல ஒடித்துத் தின்றுகொண்டிருந்தது. அதற்குப் பத்தடி தள்ளி, லாரி டியூபின் மேல் பலகையைக் கட்டி அதில் உட்கார்ந்தபடி ஒருவர் தாமரை மொட்டுப் பறித்தார். பறவை அவரைப் பார்க்கவில்லை, அவரும் பறவையைப் பார்க்கவில்லை. நான் பைனாகுலரை எடுத்தபோதுதான் இரண்டு பேரும் திரும்பினார்கள்.

மலையும் குறைவில்லை. கன்னியாகுமரி போகும் வழியில் பொற்றையடியை அடுத்து மருந்துவாழ்மலை இருக்கிறது. பாதி தூரம் படிக்கட்டு, பிறகு பாறை. உச்சியில் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆரல்வாய்மொழி வரை காற்றாலைகள். எங்கள் வேகத்தில் ஏறி இறங்க மூன்று மணி நேரம் ஆனது. செருப்போடு வந்த பள்ளிப் பிள்ளைகள் அதற்குள் இரண்டு முறை ஏறியிருப்பார்கள். காற்றைப் பொறுத்தவரை இரண்டு ஊர்களும் சமம்: அங்கே பாலக்காட்டுக் கணவாய், இங்கே ஆரல்வாய்மொழிக் கணவாய், ஆடி மாதத்தில் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பவன் பாடு இரண்டிலும் ஒன்றுதான்.

கடலைப் பற்றி ஒரு எச்சரிக்கை சொல்லாமல் விட்டால் தவறு செய்தவன் ஆவேன். சங்குத்துறைக்கும் சொத்தவிளைக்கும் சைக்கிளில் போகலாம், பழையாறு கடலில் சேரும் மணக்குடிக் காயலை மாலையில் பார்ப்பது ஒரு பேறு. ஆனால் இது நீந்தும் கடல் அல்ல. வானம் தெளிந்திருக்க, காற்றும் இல்லாமல், எங்கோ ஆழ்கடலில் கிளம்பிய அலை திடீரெனக் கரையில் ஏறும். அதை இம்மக்கள் 'கள்ளக்கடல்' என்கிறார்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் அருகே ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது அப்படிப்பட்ட எச்சரிக்கை நிலவிய நாளில்தான். சொத்தவிளையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர் ஒருவர் எங்களிடம், "கால நனைச்சுட்டுக் கேறி வந்துருங்கோ, இன்னைக்குக் கடலு செரியில்ல" என்றார். எங்கள் கண்ணுக்குக் கடல் கண்ணாடி போல இருந்தது. நாங்கள் ஏறி வந்துவிட்டோம்.

குறைகள் நாகர்கோவிலுக்கும் உண்டு. ஊருக்குள் சாலைகள் குறுகல், வடசேரியிலும் வெட்டூர்ணிமடத்திலும் நடைபாதை என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. கல்லும் மணலும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்கு விரையும் லாரிகள் சைக்கிள்காரனைப் புழுவாகவும் மதிப்பதில்லை. வேலை தேடும் வயதினருக்கு இந்த ஊர் கோவைக்கு ஈடாகாது. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருந்தாலும், சிக்கலான சிகிச்சை என்றால் திருவனந்தபுரத்துக்கு ஓடுவதுதான் வழக்கம். விமான நிலையமும் அங்கேதான், 70 கிலோமீட்டர் தள்ளி. 2024 ஆகஸ்டு முதல் எழும்பூரிலிருந்து வந்தே பாரத் ஓடுவதால் சென்னை ஏறத்தாழ 9 மணி நேரத் தொலைவில் வந்துவிட்டது, அவ்வளவே ஆறுதல். ஐம்பது வயதுக்குக் கீழ் இருந்து, பிள்ளைகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தால் நானும் கோவைக்கே போயிருப்பேன்.

தங்கள் நாளிதழ் வழியாக அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பமும் உண்டு. குமரியில் நான்குவழிச் சாலை சில குளங்களின் ஊடாகவே போகிறது. அது முடிந்த கதை. மிஞ்சியிருக்கும் குளக்கரைகளையும் சானல் கரைகளையும் 'மேம்படுத்துகிறோம்' என்று கான்கிரீட் போட்டு விளக்குக் கம்பம் நட வேண்டாம். குப்பை கொட்டுவதைத் தடுத்து, ஆகாயத்தாமரையை அகற்றி, கரையில் முள்ளை வெட்டினால் போதும். நடப்பவர்கள் தாமாக நடப்பார்கள்.

சென்னை வீட்டை விற்கவில்லை. ஓராண்டு ஒப்பந்தத்தில் ஆவணி மாதம் குடிபோகிறோம். வீடு காட்டிய தரகர், கார் நிறுத்த இடம் உண்டு, போர் தண்ணீர் உண்டு என்று அடுக்கிக்கொண்டே போனார். சானல் கரைக்கு எவ்வளவு தூரம் என்று என் மனைவி கேட்டதும் முகம் வாடி, "ரொம்பப் பக்கம்தான், கொசு இருக்கும், அதுதான் வாடகையும் கம்மி" என்றார். கொசுவலைக்கு அளவெடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
மேற்குத் தாம்பரம், சென்னை.