பன்னாவில் நடப்பது துக்கலியில் நடக்கக் கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சூரத் வைரச் சந்தை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 2023 டிசம்பரில் பிரதமர் திறந்துவைத்த கட்டடம், 4,500க்கும் மேற்பட்ட அலுவலகங்கள், உலக வைரங்களில் பத்துக்கு ஒன்பது நம் நாட்டில் பட்டை தீட்டப்படுகின்றன என்ற செய்தி, எல்லாமே பெருமைதான். வைரம் விளையும் எங்கள் ராயலசீமையைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. 1720களில் பிரேசிலில் வைரம் கிடைக்கும்வரை உலகச் சந்தைக்குப் போனது பெரும்பாலும் இந்த ஆந்திர மண்ணின் கல்தானே!

என் தங்கை வீட்டுக்காரருக்குக் குண்டக்கல்லில் ரயில்வே வேலை. ஜூனில் முதல் மழை விழுந்ததும் பக்கத்துத் துக்கலி, ஜொன்னகிரிக் கொல்லைகளில் குடும்பம் குடும்பமாகச் சனம் வைரம் தேடிக் குனிந்த தலை நிமிராமல் நடப்பதைப் போன வருஷம் நேரில் பார்த்தேன். கையில் கட்டுச்சோறு, குழந்தைக்கு வேப்பமரத்தில் தூளி. உழுத மண்ணை மழை கழுவினால் கல் கண்ணில் படும். தங்கைக்கும் ஒன்று அகப்பட்டது. உளுந்தளவு, உடைத்த கற்கண்டு மாதிரி. வாயால் ஊதினால் படிந்த ஆவி அந்த நொடியே மறைந்தது; வைரம் என்றால் அப்படித்தானாம்.

வந்த வியாபாரி தன் தராசில் தானே எடை போட்டார். வைரத்தின் எடை எத்தனை கேரட் என்று கேட்டோம், பதில் இல்லை. 12,000 ரூபாயை எண்ணி வைத்துவிட்டு, வெளியே சொன்னால் போலீஸ் வரும் என்று பயமும் காட்டினார். அது நியாய விலையா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

மத்தியப் பிரதேசம் பன்னாவில் அரசே வைர அலுவலகம் நடத்துகிறது. சிறு குத்தகை நிலத்தில் தோண்டிக் கல் எடுத்தவர் அங்கே ஒப்படைக்கிறார். எடை போட்டு, பொது ஏலத்தில் விற்று, அரசின் பங்கான ராயல்டியைக் கழித்து மீதியை அவரிடமே தருகிறார்கள். கூலிக்காரர்கள் அப்படி லட்சங்கள் பார்த்திருக்கிறார்கள். மழைக்கால நான்கு மாதமாவது துக்கலியில் அப்படி ஒரு மேஜை போட என்ன தடை?

இன்னொன்று. சூரத்தில் சுரங்கமே கிடையாது. வானம் பொய்த்த குஜராத்தின் அம்ரேலி, பாவ்நகர் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளைகள், வைரத்தூளும் எண்ணெயும் தடவிய சக்கரத்தின் முன் உட்கார்ந்து, ஒரு கல்லில் 57 பட்டை பிடிக்கக் கற்றதால் வளர்ந்த தொழில் அது. இங்கேயும் வானம் பொய்க்கத்தான் செய்கிறது. எங்கள் பையன்களோ எங்கள் ஊர் குப்பம் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். கர்னூலிலோ அனந்தபுரத்திலோ பட்டை தீட்டக் கற்றுத்தரும் ஒரு பள்ளி வேண்டும்.

வருகிற ஜூனுக்குள் உங்கள் நிருபர் ஒருவரை அந்தக் கொல்லைகளுக்கு அனுப்பிவையுங்கள். தங்கை இந்த வருஷமும் போவாள்.

இப்படிக்கு,
வாசகர், குப்பம், சித்தூர் மாவட்டம்